அடுப்படி ஓடு

மச்சான் சபர் போன இரண்டாம் வருஷம்
ஆள்வசம் கொடுத்துவிட்ட பெட்டியில்
கோடாலித் தைலத்துக்கும் சேலைக்கும் நடுவே
கறுப்பாய் ஒரு கம்ப்யூட்டர்.
ரப்பர் விசைகள், அல்வா மாதிரி அமுங்கும்.
பிள்ளைகள் விளையாட என்று எழுதியிருந்தார்.
பிள்ளைகள் அப்போது இல்லை.

அதனால் நான் விளையாடினேன்.
டீவியில் இலங்கை நிலையம் மங்கலாய் ஆடும்;
திருகைத் திருப்பினால் என் வரிகள்.
பத்து, இருபது, முப்பது என்று எண் போட்டு
ஒரு புரோகிராம் எழுதினேன்:
சீட்டுத் தவணை, கரண்டு பில்,
யார் வீட்டு நிக்காஹுக்கு என்ன கொடுத்தோம்.
தேதியைத் தட்டினால் வேலையைச் சொல்லும்.
தமிழை இங்கிலீஷ் எழுத்தில் கொடுத்தால்
முகம் சுளிக்காமல் வாங்கிக்கொள்ளும்.
கரண்டு போனால் அத்தனையும் மறந்துவிடும்.
கீழக்கரையில் கரண்டு போகாத நாள் ஏது?

கேசட்டில் பதிய வேண்டும்.
வீட்டில் இருந்ததெல்லாம் மச்சான் பேசி அனுப்பியவை.
பேச்சு வராமல் அவர் இருமிக்கொண்டே இருந்த
ஒரு பக்கத்தைத் தேடியெடுத்து
அதன் மேல் பதிந்தேன்.

ராமநாதபுரம் ரேடியோ ரிப்பேர் பாலுச்சாமி
ஜில்லாவில் இந்த மிஷின் வைத்திருக்கும் ஐந்து பேரை
சிகரெட் அட்டையில் குறித்து வைத்திருந்தார்.
டிரான்ஸ்பார்மர் மாற்றப் போன இடத்தில்
'ஒரு காப்பி எடுத்துக்கிடவா?' என்றார்.
எடுத்துக்குங்க என்றேன்.

ஒரு மாதத்தில் கடுதாசி.
பாம்பன் ஐஸ் ஆலைக் கணக்கர் இன்னாசி.
சாலைப் பாலம் முடியாத காலம்,
ரயிலேறிக் கடல் தாண்டி வந்திருந்தது.

'அக்கா, முந்நூற்றுப் பத்தாம் வரியில்
பிப்ரவரிக்கு முப்பது நாள் கொடுத்திருக்கிறீர்கள்.
திருத்திவிட்டேன்.
அமாவாசை, பௌர்ணமி சேர்த்திருக்கிறேன்,
போட்டுக்காரர்கள் கேட்பார்கள்.
சத்தத்தை ஆறில் வையுங்கள், ஏழில் ஏறாது.
இன்னொன்று.
கீச்சல் முடிந்தபின் ஒருவர் பேசுகிறார்.
ருக்கையா, அடுப்படி ஓடு மாத்தியாச்சா,
மழைக்கு முன்ன மாத்திரு என்கிறார்.
அவசரம் போலத் தெரிந்தது.
முதல் வேலையாக ஏற்றிவிட்டேன்.'

தேவிபட்டினம் மருந்துக்கடை கோவிந்த சேர்வை
இன்னாசியிடம் காப்பி எடுத்தார்.
தொண்டி அபுதாகிர் சேர்வையிடம்.
ஒருவர் காலாவதித் தேதி சேர்த்தார்,
ஒருவர் தொழுகை நேரம்.
எல்லார் பட்டியலிலும் முதல் வரி
அடுப்படி ஓடு.
நீக்க மனசில்லையோ, வழி தெரியவில்லையோ.
நீக்குவதற்கென்று
நான் ஒரு வரியும் எழுதியிருக்கவில்லை.

ஐப்பசி பிறந்தது.
இன்னாசி எழுதினார்: மாத்தியாச்சா?
சேர்வை கண்டக்டரிடம் சொல்லிவிட்டார்: மாத்தியாச்சா?
பாலுச்சாமி கேட்கவே இல்லை.
மானாமதுரை லாரியில் நாற்பது ஓடு
வாசலில் வந்து இறங்கியது, பில்லோடு.

மாற்றினேன்.
கூலி நூற்றிருபது. அதையும் ஏற்றினேன்.

புரோகிராம் இப்போது பெருத்துவிட்டது.
ஒவ்வொரு முறை பதியும்போதும்
கீச்சல் நீண்டு அவர் பேச்சைக் கடிக்கிறது.
போன வாரம் 'ருக்கையா'வைத் தின்றது.
'அடுப்படி' என்றுதான் இனி தொடங்குவார்.
புதுக் கேசட் வாங்கிப் பார்த்தேன்.
புரோகிராம் முடிந்தால் வெறும் இரைச்சல்.

ராத்திரி உட்கார்ந்து வெட்டினேன்:
பிறந்தநாள் பகுதி, நட்சத்திரக் கோடு,
சலாம் சொல்லும் முதல் திரை.
பன்னிரண்டு விநாடி மிச்சம் பிடித்தேன்.

'சலாம் நன்றாயிருந்ததே அக்கா, ஏன் எடுத்தீர்கள்?
நாற்பத்தெட்டு கே-யில் இடம் கிடக்கிறதே'
என்று இன்னாசி.

பிப்ரவரி சரியாக இருக்கிறது, நன்றி
என்று பதில் போட்டேன்.